பலகையைத் தட்டிக் கேட்கும் மாலை

'ரோடு ஷோ' என்றால் நம் பக்கத்தில் திறந்த வேனில் கைகூப்பியபடி வரும் தலைவர்தான் நினைவுக்கு வருவார். கிடார் வாசிப்பவர்களிடம் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. கிடார் செய்யும் நிறுவனம் ஒன்று தன் ஆட்கள் ஓரிருவரை, பெட்டி பெட்டியாகக் கிடார்களோடு, ஊர் ஊராக அனுப்புகிறது. தன் கருவிகளை விற்கும் கடையில் மாலை நேரத்தில் நாற்காலிகள் போடப்படுகின்றன. வந்தவர்களில் ஒருவர் வாசித்துக் காட்டுகிறார். மற்றவர் அந்தக் கிடார் எந்த மரத்தில், எந்த வடிவில், ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று விளக்குகிறார். பிறகு கிடார்கள் கூட்டத்தின் கைக்கு வருகின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது.

இவ்வகைக் கூட்டங்களுக்குப் பெயர் பெற்றது அமெரிக்காவின் டெய்லர் கிடார்ஸ். பாப் டெய்லர், கர்ட் லிஸ்டக் என்ற இரு இளைஞர்கள், தாங்கள் வேலை பார்த்த கலிபோர்னியப் பட்டறையை நண்பர் ஒருவரோடு சேர்ந்து 1974-இல் வாங்கினார்கள். அப்போது டெய்லருக்கு வயது 19. மரவேலை டெய்லருடையது, விற்பனை லிஸ்டக்குடையது. தொடக்க காலத்தில் லிஸ்டக் காரில் கிடார்களை ஏற்றிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். இன்று நிறுவனம் பெரிதாகிவிட்டது. தலைமையிடம் எல் கஹோன் நகரில், இன்னொரு தொழிற்சாலை மெக்சிகோவின் தெகாத்தேயில். 2021-இல் நிறுவனம் முழுவதும் தொழிலாளர்களின் உடைமையாகவும் ஆனது. ஆனாலும் கருவியைத் தூக்கிக்கொண்டு வாசிப்பவரின் ஊருக்கே போகும் பழக்கம் நிற்கவில்லை. அதற்குக் காரணம் எளியது. புடவையின் நிறத்தைப் படத்தில் காட்டிவிடலாம். கிடாரின் ஒலியை எந்த அட்டவணையிலும் அச்சிட முடியாது.

முதன்முறை செல்பவருக்கு முதலில் கண்ணில் படுவது உடல் வடிவங்கள். அகன்ற தோளும் இடுப்பு அதிகம் ஒடுங்காத உருவமும் கொண்டது 'டிரெட்நாட்'. 1906-இல் பிரிட்டன் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயரை இதற்கு வைத்தவர்கள் மார்ட்டின் என்னும் இன்னொரு கிடார் நிறுவனத்தார். பெரிய வயிறு என்பதால் கீழ்த்தந்திகளின் ஒலி கனத்து வரும். பாடகருக்குப் பின்னால் நின்று 'ஸ்ட்ரம்' செய்ய இதுவே பொருத்தம். 1994-இல் டெய்லர் கொண்டுவந்த 'கிராண்ட் ஆடிட்டோரியம்' வடிவத்துக்கு இடுப்பு நன்றாக ஒடுங்கியிருக்கும். கனம் சற்றுக் குறைந்தாலும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழும். 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் நிலாப் பாட்டில் கிடார் எப்படி ஒலிக்கிறது என்று யோசித்தால் வேறுபாடு விளங்கிவிடும். தந்தி தந்தியாகப் பிரித்து மீட்டும் அந்த வாசிப்புக்குக் கனத்தைவிடத் தெளிவுதான் முக்கியம். ஒரே மெட்டை இரண்டு வடிவங்களிலும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுவது இத்தகைய கூட்டங்களின் முதல் பாடம்.

வடிவத்துக்குப் பின் மேல்பலகை. கிடாரின் ஒலியில் பெரும்பங்கு இதனுடையது. வீணை வாசிப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். கிடாரின் உடல் வீணையின் குடம், கழுத்து தண்டி, 'ஃப்ரெட்' மெட்டு, 'பிரிட்ஜ்' குதிரை, முறுக்கும் சாவிகள் பிருடை. ஆனால் வீணைக் குடம் பலா மரத்தைக் குடைந்து எடுப்பது. கிடாரோ மெல்லிய பலகைகளை வளைத்து ஒட்டிய பெட்டி. அதன் மேல்பலகையின் தடிப்பு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். அந்தப் பலகையை எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 முதல் 80 கிலோ எடை அளவுக்கு இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஓர் ஆள் எடையைத் தாங்கியும் நிற்க வேண்டும், விரல் நுனி பட்டால் அதிரவும் வேண்டும். கிடார் செய்பவரின் தலைவலி முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

அதற்காகப் பலகையின் உட்புறத்தில் மெல்லிய சட்டங்களை ஒட்டுகிறார்கள். ஆந்திரத்தின் பிச்சாட்டூருக்கு அருகில் உள்ள புத்தூரில் முறிந்த எலும்புக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே பிடிபடும். பத்தை அசையக்கூடாத திசையில் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்காக ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடவும் கூடாது. மார்ட்டின் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டில் பெருக்கல் குறிபோலச் சட்டங்களைக் குறுக்கே வைத்துக் காட்டியது. எஃகுத் தந்திக் கிடார்களில் அதுவே நெடுங்காலம் மரபாக இருந்தது. டெய்லரின் வடிவமைப்பாளர் ஆண்டி பவர்ஸ் 2018-இல் அந்தக் குறுக்குச் சட்டங்களை எடுத்துவிட்டு, ஆங்கில 'வி' எழுத்துப்போல நீளவாக்கில் ஓடும் சட்டங்களை வைத்தார். தந்தி இழுக்கும் திசையில் பலகை விறைப்பாகவும், பக்கவாட்டில் நெகிழ்வாகவும் இருக்கும் என்பது இதன் கருத்து. சுரம் நீண்டு நிற்கிறது, கழுத்தின் மேற்பகுதியில் வாசித்தாலும் சுருதி சேர்கிறது என்கிறது நிறுவனம். சொன்னதைச் செவி ஒப்புகிறதா என்று அங்கேயே, அந்த நிமிடமே பார்த்துவிட முடிவதுதான் இந்தக் கூட்டங்களின் பயன்.

மேல்பலகைக்கு அதிகம் பயன்படுவது அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ். எடை குறைவு, உறுதி அதிகம். அழுத்தி வாசித்தாலும் ஒலி சிதறாது. சீடர் மரம் இன்னும் மென்மையானது. மெல்லத் தொட்டாலே பேசிவிடும், ஓங்கி அடித்தால் குழம்பும். நல்ல பலகையை இரண்டு விரல்களுக்கு நடுவே தொங்கவிட்டுச் சுண்டினால் கண்டாமணிபோல ஓர் ஒலி எழுந்து சற்று நேரம் நிற்கும். பயனற்ற பலகை 'டொக்' என்று சொல்லி அடங்கிவிடும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கிய கை எதற்கும் இந்தச் சோதனை புதிதல்ல.

பின்பலகைக்கும் பக்கப் பலகைக்கும் வரும்போது பேச்சு நம் ஊர்ப் பக்கம் திரும்புகிறது. உலகின் உயர்ந்த கிடார்களில் கணிசமானவை தென்னிந்திய மரத்தால் ஆனவை. தமிழில் தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் சொல்லப்படும் ரோஸ்வுட் மரம் அது. முன்பு இந்த இடத்தில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் இருந்தது. மரக்கட்டை ஏற்றுமதியை பிரேசில் கட்டுப்படுத்தியதும், 1969-இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பிரேசில் மரத்தின் வணிகத்தை 1992-இல் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கை ஏறக்குறைய முற்றாகத் தடுத்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலை, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்ந்து முதிர்ந்த ஈட்டி மரங்கள் இவ்வாறு உலக மேடைகளுக்குப் போயின. இந்தியாவிலிருந்து முழுக்கட்டையாக அல்ல, அறுத்த பலகைகளாகவே அவை கப்பல் ஏறுகின்றன. தமிழ்நாட்டில் இம்மரத்தைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் குடும்பம் முழுவதும் சைட்டிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. காட்டை அழித்து மேசை நாற்காலி செய்யும் வணிகத்தைத் தடுப்பதே நோக்கம். ஆனால் வலையில் கிடாரும் சிக்கிக்கொண்டது. ஒரு கிடாரை எல்லை தாண்டி விற்கவும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. கிடாரின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பவர்களில் பலருக்கு அந்த விலைக்குள் இத்தனை சட்டம் அடங்கியிருப்பது தெரியாது.

கருங்காலியின் கதை இன்னும் உறைப்பானது. பல உயர்ந்த கிடார்களில் கழுத்தின் மேல், விரல் ஓடும் பலகை இம்மரத்தால் ஆனது. கன்னங்கரேல் என்று இருந்தால்தான் மதிப்பு என்பது நெடுநாள் வழக்கம். டெய்லர் நிறுவனம் ஸ்பெயின் நாட்டுக் கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் ஒரு கருங்காலி ஆலையை 2011-இல் வாங்கியது. அங்கே பாப் டெய்லருக்கு ஒரு செய்தி காத்திருந்தது. வெட்டிப் பார்க்கும்வரை மரத்தின் உள்ளே கறுப்பா, கோடு விழுந்த பழுப்பா என்று தெரியாது. பத்து மரம் வெட்டினால் ஒன்றுதான் முழுக்கறுப்பு. மற்றவை விலை போகாது என்று காட்டிலேயே விடப்படுகின்றன. அன்று முதல் தன் விலையுயர்ந்த கிடார்களிலும் கோடு விழுந்த கருங்காலியைப் பயன்படுத்தப்போவதாக அவர் அறிவித்தார். 2014-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை இதற்காக நிறுவனத்துக்கு விருது அளித்தது. விரல் பலகையில் ஒரு பழுப்புக் கோட்டைக் கண்டால் அதைக் குறை என்று எண்ணவேண்டியதில்லை. காட்டில் வீணாய்க் கிடந்திருக்கவேண்டிய மரம் ஒன்று பாட வந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

திருப்பதி, சித்தூர் மாவட்டத்து வாசகர்களுக்கு இங்கே வேறொரு மரம் நினைவுக்கு வந்தே தீரும். செம்மரம் இயற்கையாக வளர்வது உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். சேஷாசலம் அதன் தாய்வீடு. இது சாயத்துக்கும் மருந்துக்கும் சீனத்து நாற்காலிக்கும் மட்டும் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஜப்பானியரின் மூன்று தந்திக் கருவியான ஷாமிசெனின் உயர்தரக் கழுத்து செம்மரத்தில்தான் செய்யப்படுகிறது. தண்ணீரில் இட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம். நாள் பட்டாலும் வளையாது, பட்டு நூல் தந்தியின் அதிர்வைத் தின்றுவிடாது. வைரத்தில் அலை அலையாக வரி ஓடும் கட்டைக்கு விலை மிக அதிகம். அந்த விலைதான் இந்த மலைகளைக் கடத்தல்காரர்களின் காடாக்கியது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்தார்கள். மலைக்கிராமத்து ஏழைகள் கூலிக்குக் கோடரி எடுத்துப்போய் உயிரை விட, மரத்தின் உண்மையான விலை அவர்கள் கண்ணிலேயே படாத ஊர்களில் கைமாறுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021-இல் செம்மரத்தை மீண்டும் அழியும் நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. இசைக் கருவியின் மரம் எங்கிருந்து, யார் கையால், எந்தச் சீட்டோடு வந்தது என்று கேட்பதற்கு இந்தப் பகுதி மக்களுக்கு மற்ற எவரையும்விட உரிமை அதிகம். செய்தவரே எதிரில் நிற்கும் கூட்டத்தில் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் இதுதான்.

மரத்தைப் பற்றி அங்கே சொல்லப்படும் எல்லாவற்றையும் அப்படியே ஏற்கவும் தேவையில்லை. ரோஸ்வுட் ஆழம், மஹோகனி வெதுவெதுப்பு, மேப்பிள் துலக்கம் என்று அடைமொழிகள் வரிசையாக வரும். இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பின்பலகையும் பக்கப் பலகையும் மட்டும் வெவ்வேறு மரம், மற்றதெல்லாம் ஒன்றே என்று ஆறு கிடார்களைச் செய்யச் சொல்லி, கிடார் வாசிக்கும் 52 பேரிடம் கொடுத்தார்கள். மரம் தெரியாதபடி அறையில் வெளிச்சத்தைக் குறைத்து, வெல்டிங் பட்டறையின் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிவிட்டார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விலை உயர்ந்த பிரேசில் ரோஸ்வுட்டும் மலிவான மரமும் ஏறக்குறைய ஒன்றாகவே மதிக்கப்பட்டன. டெய்லர் நிறுவனத்தின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. சரக்கு அடுக்கிக் கழித்துப்போட்ட பலகைகளைக் கொண்டு பாப் டெய்லர் 1995-இல் ஒரு கிடார் செய்தார். அது நன்றாகவே ஒலித்தது. மரத்தைவிடக் கை முக்கியம் என்பதைக் காட்டவே அவர் அதைச் செய்தார்.

ஆகவே முதன்முறை போகிறவர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. வாசித்துக் காட்டும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பளபளப்பும் முத்துச்சிப்பிப் பதிப்பும் செவியை ஏமாற்றும் வல்லமை உடையவை. ஒரே ஆள், ஒரே பாட்டு, ஒரே விசையில் இரண்டு கிடார்களை வாசிக்கும்போதுதான் ஒப்பீடு நியாயமானது. ஒன்றில் மென்மையான மெட்டும் அடுத்ததில் துள்ளல் மெட்டும் வாசித்தால் பாட்டைத்தான் ஒப்பிடுகிறோம், கிடாரை அல்ல. அதே மெட்டை இதிலும் வாசியுங்கள் என்று தயங்காமல் கேட்கலாம். வந்திருப்பவர்கள் அதற்காகவே வந்திருக்கிறார்கள். கிடாருக்குப் பின்னால் இருந்து வாசிப்பவர் கேட்பதும், முன்னால் அமர்ந்திருப்பவர் கேட்பதும் வேறு வேறு என்பதையும் இங்கேதான் உணர முடியும்.

பேச்சு முடிந்து கிடார்கள் கைக்கு வரும் நேரம், கூச்சப்படுகிறவர்கள் பின்வாங்கும் நேரமும்கூட. இரண்டு கார்டு மட்டும் தெரிந்தவருக்கும் அங்கே இடம் உண்டு. பெல்ட் கொக்கி பின்பலகையைக் கீறிவிடும் என்பதால் அதைத் தள்ளிக்கொள்வதும், மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவைப்பதும், கை கழுவிக்கொள்வதும் மரியாதை. மடியில் வைத்து முதலில் தந்திகள் ஆறையும் திறந்தபடி ஒவ்வொன்றாக மீட்டி, ஒலி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்துத் தந்திக்கும் விரல் பலகைக்கும் உள்ள இடைவெளியை, அதாவது 'ஆக்ஷனை'ப் பார்க்க வேண்டும். கற்றுக்கொள்ளத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் கிடாரைக் கைவிடுவதற்கு இந்த இடைவெளி அதிகமாக இருந்து விரல் நுனி புண்ணாவதும் ஒரு காரணம். பிள்ளைக்கு இசை வராது என்ற முடிவுக்குப் பெற்றோர் வருவதற்கு முன் கிடாரை ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

வீட்டில் இருக்கும் பழைய கிடாரைப் பற்றிய கேள்விகளோடு போவது இன்னும் நல்லது. கிடார் மரத்துக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இருந்தால் உகந்தது. ஆரணியாற்றுக் கரையின் வானிலை அந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பிச்சாட்டூர் ஏரி நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீர் ஊத்துக்கோட்டைப் பாலத்தைத் தொடும் நாட்களில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். மேல்பலகை புடைக்கும், தந்தி உயரும். சித்திரை, வைகாசியில் அதே மரம் காய்ந்து சுருங்கும். ஃப்ரெட்டின் முனைகள் கழுத்தின் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும், மோசமானால் பலகை வெடிக்கும். கிடாரைச் சுவரில் மாட்டாமல் பெட்டியில் வைத்து மூடுவதும், மழைக்காலத்தில் உள்ளே சிலிக்கா பொட்டலம் போடுவதும், கோடையில் தகரக் கூரைக்கு அடியிலோ பூட்டிய காரிலோ விடாமல் இருப்பதும் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். மீதியைத் தீர்க்கக் கழுத்தின் உள்ளே ஓடும் 'டிரஸ் ராட்' என்னும் இரும்புக் கம்பியைத் தெரிந்தவர் கொஞ்சம் திருக வேண்டும். தெரியாத கை திருகினால் கழுத்து போய்விடும்.

டெய்லரின் கூட்டங்கள் அதிகம் நடப்பது வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும்தான். பிச்சாட்டூரில் கிடார் பழகும் ஒருவருக்குப் பெரிய இசைக்கருவிக் கடை என்றால் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகச் சென்னை. அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிக்கல் 1842-இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. இத்தகைய கடைகளில் தனியாகப் போய்க் கிடார்களை எடுத்து வாசித்துப் பார்க்கத் தடை இல்லை. அங்கே கிடைக்காதது செய்தவரின் குரல் ஒன்றுதான்.

அந்தக் குரல் நம்மிடம் இல்லாததல்ல. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முதிர்ந்த பலா மரத்தைத் தேர்ந்து, குடைந்து, மெழுகு வைத்து மெட்டு மெட்டாகச் சுருதி சேர்க்கும் ஆசாரிகள் அங்கே இருக்கிறார்கள். 2022-இல் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரத்தைச் செய்பவர்கள், பழைய வீடுகளிலிருந்து கழற்றிய ஆச்சா மர உத்திரங்களைத் தேடி வாங்குகிறார்கள். ஈரம் முற்றும் போன மரம்தான் பாடும் என்பது அவர்கள் கண்ட உண்மை. கலிபோர்னியாவின் தொழிற்சாலை ஆள் ஒரு கடையில் நின்று சொல்வதற்குச் சற்றும் குறையாத அறிவு இது. இசைக் கல்லூரிகளும் சபாக்களும் அரசின் கலைப் பண்பாட்டுத் துறையும் வழிச்செலவைக் கொடுத்து, இந்த ஆசாரிகளை மரத்தோடும் உளியோடும் திருப்பதிக்கும் வேலூருக்கும் திருத்தணிக்கும் அனுப்பட்டும். முடிந்த வீணை ஒன்று, குடைந்த குடம் ஒன்று, தட்டிப் பார்க்க ஒரு பலாப் பலகை, இவ்வளவும் ஒரு வேனில் அடங்கும்.